மஞ்சள் ஓரம்

வாசனை கிடையாது. தலையில் வைக்க முடியாது, சாமிக்குச் சூட்ட முடியாது, பொரியல் பண்ணவும் முடியாது. இப்படி ஒரு பூவுக்கு எதற்குத் தண்ணீர் என்று என்னைக் கேட்காத ஆள் அந்த வீட்டில் இல்லை. எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னேன்: எனக்குப் பிடிச்சிருக்கு. அதற்கு மேல் ஒரு காரணம் சொல்ல வேண்டும் என்று அன்றும் எனக்குத் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் விருதுநகரிலிருந்து சிவகாசிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் நான். பிறந்த வீட்டில் வத்தல் வியாபாரம், புகுந்த வீட்டில் அச்சாபீஸ். ரோட்டைப் பார்த்து அச்சாபீஸ், அதற்குப் பின்னால் வீடு, வீட்டுக்கும் பின்னால் ஒரு மண் முற்றம். தீப்பெட்டி லேபிள், வெடிக்கட்டு லேபிள், காலண்டர் என்று மெஷின் ஓயாது. விஸ்வநத்தம் பக்கம் மாமனாருக்குச் சிறியதாக ஒரு பட்டாசுக் கம்பெனியும் உண்டு. அதை என் கணவரின் அண்ணன் பார்த்துக்கொண்டார். அச்சாபீஸை என் கணவர் பார்த்துக்கொண்டார். இவர்கள் இருவரையும் மாமனார் பார்த்துக்கொண்டார்.

நான் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தவள். இங்கிலீஷில் வகுப்பிலேயே முதல் மார்க். அந்த வீட்டில் அது ஒரு செய்தியே இல்லை. வந்து இரண்டு வருஷம் ஆகியும், வெளியூரிலிருந்து வருகிற ஒரு கடிதத்தைக்கூட என் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னதில்லை. இங்கிலீஷ் கடிதம் வந்தால் நாலு தெரு தள்ளி இருந்த ஒரு ரிடையர்டு குமாஸ்தாவிடம் ஆள் அனுப்புவார்கள். நான் அடுப்பங்கரையில் இருந்துகொண்டு அதைப் பார்ப்பேன். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று குழம்பைக் கிண்டுவேன்.

ஓர் ஆடி மாதம் பெங்களூரில் ஒரு விதைக்கடையிலிருந்து ஆர்டர் வந்தது. பங்களாத் தோட்டங்களுக்குப் பூ விதை விற்கிற கடை. அமெரிக்க விதை உறைகள் நாலைந்தை அனுப்பி, இதே மாதிரி எங்கள் கடைப் பெயரோடு அடித்துக் கொடுங்கள் என்று கேட்டிருந்தார்கள். உறையைக் கிழிக்காமல் பிரித்து மட்டமாக விரித்தால்தான் ஆர்ட்டிஸ்ட் பார்த்து வரைய முடியும். பசை விட ஆவி காட்ட வேண்டும். அச்சாபீஸில் ஆவிக்கு எங்கே போவது? என் கணவர் உறைகளைத் தூக்கிக்கொண்டு அடுப்பங்கரைக்கு வந்துவிட்டார்.

இட்லிக் கொப்பரை மூடியை லேசாகத் தள்ளி, நான்தான் ஒவ்வொரு உறையாக ஆவியில் காட்டிப் பிரித்தேன். உள்ளேயிருந்த விதைகளைத் தட்டில் கொட்டினேன்.

"இதை என்ன செய்ய?" என்றேன்.

"வெளிய கொட்டு. நமக்கு உறைதான் வேணும்," என்றார்.

கொட்டுவேனா? உறைகள் காயும் வரை என்னிடம்தானே இருந்தன. பின்பக்கத்து இங்கிலீஷ் எழுத்தை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். தெரியாத வார்த்தைக்கு என் பள்ளிக்கூடத்து டிக்‌ஷனரி இருந்தது, கல்யாணச் சீரோடு ஒளித்துக் கொண்டுவந்தது. எல்லாம் வட அமெரிக்காவில் தானாக முளைக்கிற காட்டுப் பூக்களாம். அவர்கள் ஊர் ஆவாரம்பூ என்று வைத்துக்கொள்ளுங்களேன். அவற்றைப் போய்த் தோட்டத்தில் கொண்டாடி வளர்க்கிறார்கள். அதில் கெய்லார்டியா என்று ஒன்று. உறையின் மேல் அதன் படம் அப்படியே நெருப்பாக இருந்தது. நடுவே கருஞ்சிவப்புக் குமிழ், சுற்றிலும் சிவப்பு இதழ்கள், ஒவ்வோர் இதழின் நுனியிலும் மஞ்சள். எங்கள் ஊரில் இத்தனை மத்தாப்பு செய்கிறார்கள், ஒருத்தருக்கும் இந்த நிறம் வந்ததில்லை.

துணி துவைக்கிற கல்லுக்கும் மதில் சுவருக்கும் இடையில் பத்தடி நீளம், மூன்றடி அகலத்தில் ஓர் இடம் சும்மா கிடந்தது. அதைக் கொத்தினேன். பாதி விதையை மட்டும் போட்டேன். எருவைக் கொட்டி, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றி, கைப்பிள்ளையைப் போலக் கவனித்தேன். முளைத்ததெல்லாம் பத்தே நாளில் கழுத்து அழுகிச் சரிந்துவிட்டது.

என் மாமியார் மதில் ஓரம் வந்து நின்று பார்த்தார். "அம்புட்டுத் தண்ணியும் போச்சா? குடிக்கிற தண்ணியே வண்டியில வருது நமக்கு. ஏத்தா, உனக்கு எதுக்கு இந்த வேல?"

குடிக்கிற தண்ணீர் அல்ல, அரிசி களைந்த தண்ணீர் என்று சொன்னேன். அதை மாட்டுக்கு வைக்கலாமே என்றார். மாடு எங்கே இருக்கிறது நம் வீட்டில் என்று கேட்டேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

அழுகிய செடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு நோட்டை மறுபடி எடுத்து நிதானமாக வாசித்தேன். வாசித்ததும் என்னை நானே தலையில் அடித்துக்கொண்டேன். எல்லாம் அதிலேயே எழுதியிருந்தது. நல்ல வெயில் வேண்டும். சத்தில்லாத மண் போதும். உரம் வேண்டாம். தண்ணீர் தேங்கவே கூடாது. விதையை மூடாதே, மேலாகத் தூவு. அடேயப்பா, சிவகாசிக்கென்றே படைத்த செடியல்லவா இது! நான்தான் செல்லம் கொடுத்துக் கொன்றிருக்கிறேன்.

கார்த்திகையில் மழை விட்டதும், கரிசலை அள்ளிப் போட்டுவிட்டு ஆற்று மணலும் சரளையும் கலந்து பரப்பினேன். இறகு வைத்த குட்டிக் கொட்டையாக இருந்த மீதி விதைகளைத் தூவிவிட்டு, கண்டும் காணாமல் இருந்தேன். வந்தது பாருங்கள்! சிவப்பு உறை ஒன்றில் இருந்த விதை முளைக்கவே இல்லை. இன்னொன்று முளைத்துக் கருகியது. கோரியாப்சிஸ் என்ற மஞ்சள் பூ ஓட்டமாக வளர்ந்து மார்கழியிலேயே பூத்தது. கெய்லார்டியா பன்னிரண்டு செடி, முரட்டு இலையோடு தரையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அந்த வீட்டில் நான் சொல்லி நடந்த ஒரே காரியம் அதுதான். தினமும் காலையில் எழுந்ததும் முதலில் அங்கேதான் போவேன். சந்தோஷமாக இருந்தது, சும்மா சொல்லக்கூடாது.

அச்சாபீஸில் அந்த ஆர்டர் கிடப்பில் கிடந்தது. தீபாவளி வரை வெடி லேபிள், அப்புறம் காலண்டர் சீசன். பொங்கல் கழிந்துதான் விதை உறையைக் கையில் எடுத்தார்கள். தை மாதம் ஒரு நாள், அலமாரியில் விரிப்பதற்காக என் கணவர் அச்சாபீஸ் கழிவுத் தாள்களைக் கொண்டுவந்து போட்டார். ஊறுகாய் ஜாடிக்குக் கீழே ஒன்றை விரிக்கப் போனேன். விதை உறைக்கு மாதிரி பார்க்க அடித்த புரூஃப் தாள். கெய்லார்டியா இருந்தது. நுனி வரைக்கும் முழுச் சிவப்பு.

"இதுல மஞ்சள் எங்க?" என்றேன்.

"எந்த மஞ்சள்?"

"இதழ் நுனியில இருந்துச்சே, அந்த மஞ்சள்."

என் கணவர் சிரித்தார். "ஏ புள்ள, அது மஞ்சள் இல்ல, ரெஜிஸ்டர் விலகல். அமெரிக்காக்காரன் ஒளுங்கா அடிக்கத் தெரியாம அடிச்சிருக்கான். நம்ம ஆர்ட்டிஸ்ட்டு கண்டுபிடிச்சு சரி பண்ணிட்டாரு. அவன் மெஷினைவிட நம்ம மெஷின் தேவலன்னு அப்பாவுக்கு ஒரே சந்தோசம்."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அப்போது கலர் படத்தை ஒவ்வொரு நிறமாகத்தான் அடிப்பார்கள், ஒவ்வொரு நிறத்துக்கும் ஆர்ட்டிஸ்ட் படம் வரைந்த ஒரு கல். முதலில் மஞ்சள், அது காய்ந்ததும் அதன் மேல் சிவப்பு. தாள் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் சிவப்பின் ஓரத்தில் மஞ்சள் எட்டிப் பார்க்கும். அந்த ஒரு குற்றத்துக்காக லோடு லோடாக லேபிள்களைத் திருப்பி அனுப்புவார்கள். ஆகவே சிவகாசியில் மெஷின்மேனிலிருந்து முதலாளி வரைக்கும் அத்தனை பேர் கண்ணும் சிவப்பை ஒட்டி மஞ்சள் தெரிகிறதா என்று தேடித் தேடிப் பழகிய கண். பூவைப் பார்த்தபோதும் அவர்கள் குற்றத்தைத்தான் பார்த்தார்கள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஏனென்றால் உறையின் பின்பக்கம் இங்கிலீஷில், சிவப்பு இதழ்கள், நுனி மட்டும் மஞ்சள் என்று தெளிவாக எழுதியிருந்தது. அந்த வரியையும் ஆர்ட்டிஸ்ட் ஓர் எழுத்து விடாமல் கோடு கோடாகப் பார்த்து வரைந்திருந்தார். பின்பக்கம் சரி, முன்பக்கம் தப்பு. ஒருத்தரும் வாசித்துப் பார்க்கவில்லை.

"மாமாகிட்ட சொல்லுங்க," என்றேன்.

"என்னன்னு சொல்ல? என் பொண்டாட்டி சொல்றான்னா? வேற வேல இல்ல?"

நானே சொன்னேன். மத்தியானம் மாமனாருக்கும் கணவரின் அண்ணனுக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது, ரசத்தை ஊற்றிவிட்டுச் சொன்னேன். "மாமா, அந்தப் பூவுக்கு மஞ்சள் ஓரம் உண்டு. உறைக்குப் பின்னால எழுதியிருக்கு. நான் வாசிச்சேன்."

மாமனார் நிமிர்ந்து பார்த்தார். கோபக்காரர் அல்ல, ஆனால் தொழிலில் அவர் சொன்னதற்கு மேல் வார்த்தை கிடையாது. "எளுதுறவன் ஆயிரம் எளுதுவாம்மா. விலகல் எது, நெறம் எதுன்னு எனக்குத் தெரியாதா? முப்பது வருசமா இதைத்தான பாத்துக்கிட்டு இருக்கேன்."

"அந்தச் செடி பின்னாடி நிக்குது மாமா. பூத்ததும் வந்து பாருங்க."

அப்போது கணவரின் அண்ணன் வாயைத் திறந்தார். "எந்தச் செடி? கல்லுகிட்ட நிக்குதே, அந்தக் களையா? நல்ல வேள சொன்னே. வெடிக்குளாய் காயப்போட இடம் பத்தல. முத்தம் பூராவும் சிமெண்டு போட்டுக் களமாக்கப் போறேன். திங்கக்கிழம கொத்தனார் வாராரு. அதுக்குள்ள பிடுங்கிப் போட்டுரு."

வெடிக்கு உருட்டுகிற காகிதக் குழாய்களைப் பசை காய வெயிலில் பரப்ப வேண்டும், அதற்குத்தான் களம். முற்றம் அவ்வளவு பெரியது. இந்தப் பத்தடியை விட்டுவிட்டுப் போட்டால் குடியா முழுகிவிடும்? கேட்டேன். மதில் ஓரம்தான் வெயில் அதிகம் என்றார். எனக்கும் அதே வெயில்தான் வேண்டும் என்று சொல்ல வந்தேன். மாமனார் கை கழுவ எழுந்துவிட்டார். "வியாழக்கிழம அந்த ஆர்டர் மெஷின்ல ஏறுது," என்று என் கணவரிடம் சொல்லிக்கொண்டே போனார்.

அன்று வெள்ளிக்கிழமை. செடியில் ஏழெட்டு மொட்டு, எல்லாம் பச்சை. மூன்று நாளில் பிடுங்கச் சொல்கிறார்கள், அதற்கு மூன்று நாள் கழித்துச் சிவப்புப் பூவை அடிக்கப்போகிறார்கள். பொறுக்க முடியாமல், ஞாயிற்றுக்கிழமை பெரிய மொட்டாகப் பார்த்து நகத்தால் கீறிப் பிரித்தேன். உள்ளே வெளிறிய பச்சையில் சுருண்ட இதழ்கள். சிவப்பும் இல்லை, மஞ்சளும் இல்லை. ஒரு மொட்டுதான் வீண். எனக்கே பயம் வந்துவிட்டது. ஒருவேளை நான் வாசித்தது தப்போ? டிக்‌ஷனரியை எடுத்து மறுபடி பார்த்தேன். தப்பில்லை. அதற்கப்புறம் எனக்கு ஒரு வீம்பு பிடித்துக்கொண்டது. யார் வந்தாலும் சரி, பூக்காமல் இந்தச் செடி அந்த இடத்தைவிட்டுப் போகாது.

திங்கட்கிழமை காலையில் கொத்தனார் இரண்டு சிமெண்டு மூட்டையோடும் மணலோடும் வந்தார். வயதான மனிதர். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு செடிகளுக்கு நடுவில் போய் நின்றுகொண்டேன்.

"தாயி, அங்கிட்டு நகருங்க. கொத்திவிடணும்," என்றார்.

"நகர மாட்டேன். கலவையை எங்கன கொட்டப் போறீக, என் கால்லயா? கொட்டுங்க."

அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். கணவரின் அண்ணன் வந்து சத்தம் போட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, ஆனால் நகரவும் இல்லை. தம்பி மனைவியைக் கையைப் பிடித்து இழுக்கவா முடியும்? என் கணவரைக் கூப்பிட்டார். அவர் வந்து, "ஏ புள்ள, என்னத்துக்கு இப்படி மானத்த வாங்குற?" என்றார். "பூ பூத்து, அதுல மஞ்சள் இல்லைன்னா நானே பிடுங்கிப் போடுறேன். அது வரைக்கும் இங்கனதான் நிப்பேன்," என்றேன். அண்ணனும் தம்பியும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு உள்ளே போனார்கள்.

மாமியார் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "ஆம்பளைகள எதுத்து நிக்கிறாளே, எந்தக் குடும்பத்துல நடக்கும் இந்தக் கூத்து?" என்று அடுப்பங்கரையில் பாத்திரங்களை உருட்டினார். மத்தியானம் வரைக்கும் உருட்டல் கேட்டது. அப்புறம் ஒரு தட்டில் சோற்றைப் போட்டுக் கொண்டுவந்து துவைக்கிற கல்லின் மேல் டங்கென்று வைத்தார். "தின்னுட்டு நில்லு. மயங்கி விளுந்தா அதுக்கும் என்னையத்தான் சொல்வாக."

செவ்வாய்க்கிழமையும் நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. கொத்தனார் துவைக்கிற கல்லுக்கு அந்தப்பக்கம் முற்றத்தில் தரையைத் தட்டிக்கொண்டு, மெதுவாக, வேண்டுமென்றே மெதுவாக வேலை பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். சாயங்காலம் போகும்போது, "மொட்டு உப்பியிருக்கு தாயி," என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதன்கிழமை காலையில் பூத்திருந்தது. ஒன்றே ஒன்று. நடுக் குமிழ் கருஞ்சிவப்பு. இதழ்கள் நல்ல சிவப்பு. ஒவ்வோர் இதழ் நுனியும் மூன்றாகப் பிரிந்து, அந்த மூன்றும் பளிச்சென்று மஞ்சள். நான் அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். வெற்றியென்று அழவில்லை. இரண்டு நாள் வெயிலில் நின்ற களைப்பு, யாரும் நம்பாத வேதனை, எல்லாம் சேர்ந்து வந்துவிட்டது. மாமியார் எட்டிப் பார்த்தார். பூவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வீட்டு வழியாக விறுவிறு என்று அச்சாபீஸுக்கே போய்விட்டார். அதுவரை அவர் அந்த வாசல் தாண்டிப் போய் நான் பார்த்ததில்லை.

மாமனார் வந்தார், பின்னால் ஆர்ட்டிஸ்ட், அவருக்குப் பின்னால் அண்ணனும் தம்பியும். மாமனார் குனிந்து பார்த்தார். ஆர்ட்டிஸ்ட் மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்து, கல்லில் புள்ளி வைக்கும்போது பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வோர் இதழாகப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, "மொதலாளி, விலகல் இல்ல. பூவே இப்படித்தான் இருக்கு. தப்பு என்னுதுதான்," என்றார். நல்ல மனிதர். என் பக்கம் திரும்பி, "அமெரிக்காக்காரன் சரியாத்தாம்மா அடிச்சிருக்கான்," என்றார்.

கணவரின் அண்ணன் குனிந்து பூவின் காம்பைப் பிடித்தார். "பறிச்சுக் குடுக்கேன், கொண்டு போயி நெறம் பாத்து வரைங்க."

"கைய எடுங்க அத்தான்," என்றேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. பக்கத்து வீட்டு மாடியில் ஒரு தலை தெரிந்தது. "பறிக்கக்கூடாது. பாத்து வரையணும்னா இங்கன உக்காந்து வரையட்டும்."

அவர் கையை எடுத்துவிட்டார். ஆர்ட்டிஸ்ட் அப்படியே செய்தார். கொத்தனார் கொட்டியிருந்த மணல் மேட்டில் ஒரு சாக்கை விரித்து, கலர் கிண்ணங்களோடு இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்தார். அவருக்கு நான்தான் காபி கொடுத்தேன். சிவப்புக் கல்லைத் தேய்த்து அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டார்கள். வியாழக்கிழமை ஏற வேண்டிய ஆர்டர் அடுத்த வாரம் ஏறியது.

இரண்டாம் நாள் சாயங்காலம் மாமனார் முற்றத்துக்கு வந்து நின்றார். "சரிம்மா. இந்த இடம் உனக்கு இருந்துட்டுப் போகட்டும். நான் விட்டுக்குடுத்துட்டேன்," என்றார்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "நீங்க விட்டுக்குடுக்கல மாமா. நான் விடல. அதான் இருக்கு."

என் கணவருக்கு முகம் வெளுத்துவிட்டது. மாமனார் கொத்தனாரிடம் திரும்பி, "அந்தத் தொவைக்கிற கல்லு வரைக்கும் போட்டுட்டு நிறுத்திரும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மறு வாரம் பெங்களூரிலிருந்து ஓர் இங்கிலீஷ் கடிதம் வந்தது. குமாஸ்தா வீட்டுக்கு ஆள் போகவில்லை. என் கணவர் அதை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்கு வந்தார்.

கெய்லார்டியா அதற்கப்புறம் தானே விதை உதிர்த்துத் தானே முளைத்தது. களத்துச் சிமெண்டு வெடித்த இடத்திலெல்லாம் எட்டிப் பார்த்தது. கணவரின் அண்ணன் ஒரு வருஷம் கழித்து, தன் கம்பெனி ஆபீஸ் வாசலில் வைக்கக் கொஞ்சம் விதை கேட்டார். கொடுக்கவில்லை. அடுத்த வருஷமும் கேட்டார், அப்போதும் கொடுக்கவில்லை. என்னைப் பொல்லாதவள் என்றார்கள். சரி என்றேன்.

மாமனாருக்கு மட்டும் ஒரு பழக்கம் வந்துவிட்டது. வெளியூர் வியாபாரிகள் வந்தால் சாப்பாடு முடிந்ததும் முற்றத்துக்குக் கூட்டிப் போவார். பூவைக் காட்டி, "எம் மருமகளுக்காக நான் விட்ட இடம்," என்பார். நான் அடுப்பங்கரை ஜன்னலிலிருந்தே, "நீங்க விடல மாமா!" என்று சத்தமாகச் சொல்வேன். வந்தவர்கள் விழிப்பார்கள். மாமியார் தலையில் அடித்துக்கொள்வார். வருஷக்கணக்கில் இப்படியே நடந்தது, அவரும் மாற்றிச் சொல்லவில்லை, நானும் சும்மா இருக்கவில்லை.

அறுபதுகளின் கடைசியில் ஒரு மாசி மாதம் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் வந்திருந்தார். மதில் ஓரத்திலும் சிமெண்டு வெடிப்பிலும் எங்கே பார்த்தாலும் அந்தப் பூ. நான் ஜன்னலில் வாயைத் திறந்துகொண்டு தயாராக நின்றேன். மாமனார் ஜன்னலை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, வந்தவரிடம் சொன்னார்:

"இது எம் மருமக விடாத இடம்."